டயாலிசிஸ் படிக்கும் மகளும் அப்பாவின் கவலையும்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். நீட் தேர்வில் மார்க் போதவில்லை. இப்போது பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி முதலாண்டு; சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் வழியாகச் சுத்தம் செய்வதைப் பற்றிய படிப்பு. ஹாஸ்டலில் இருந்து போன் செய்தாலே அழுகை. “மெஷின் தட்டுற வேலைக்கு நாலு வருஷப் படிப்பா?” என்று சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டு மறுபடி நீட் எழுத வைக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா. வார்டு போஸ்டிங், அதாவது மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி, தொடங்கிச் சில மாதம் போகட்டும். முதலாண்டை வைத்து இந்தப் படிப்பு பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. முதலாண்டில் டயாலிசிஸ் எங்கே இருக்கிறது?

அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எந்தத் துணை மருத்துவப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் ஆரம்பம் ஏறக்குறைய இதுதான், எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் உயிரியலை நன்றாகப் படித்த பிள்ளைக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் கை ஓடாது. பாடம் தெரிந்திருக்கும், எழுத வராது. அதைத்தான் “எனக்கு மண்டையில ஏறல” என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பிடிக்கவில்லையா, புரியவில்லையா? புரியவில்லை என்றால் அதற்கு வழி இருக்கிறது. படம் வரைந்து பாகம் குறித்துப் படிக்கட்டும். சீனியர்களிடம் பழைய வினாத்தாள்களை வாங்கி, விடைகளைக் கையால் எழுதிப் பார்க்கட்டும். ஹாஸ்டலில் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் போதும். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும் என்பதால், வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுவதும் முக்கியம்.

இனி அந்த ‘மெஷின் தட்டுற வேலை’.

ஒரு நோயாளிக்கு ஒரு முறை டயாலிசிஸ் செய்ய நான்கு மணி நேரம் ஆகும். ஊசி குத்துவதற்கு முன், கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்து உண்டாக்கிய பிஸ்டுலாவின் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரியும். அதிர்வு இல்லை என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம். ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வந்தவுடன் எடை பார்த்து, உடலிலிருந்து எவ்வளவு நீரை எடுப்பது என்று கணக்குப் போட வேண்டும். மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். அந்தத் திரவத்தைத் தயாரிக்கும் தண்ணீரில் குளோரின் சரியாக நீங்காமல் இருந்தால் நோயாளியின் சிவப்பணுக்கள் உடையும். பாதியில் ரத்த அழுத்தம் சரிந்து, காலில் தசை இழுத்து, வியர்த்துக் கொட்டும்போது முதலில் கவனிப்பவர் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன்தான். இப்போது அழ வைக்கும் அதே பிசியாலஜி அங்கேதான் கை கொடுக்கும்.

வாரம் இரண்டு, மூன்று முறை, வருடக்கணக்கில் வரும் நோயாளிகள் இவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளை சாப்பிட்டாளா என்று விசாரிப்பார்கள். ஒருநாள் அந்தக் கட்டில் காலியாக இருக்கும். அன்றைக்கும் உங்களுக்குப் போன் வரும், அழுகையும் இருக்கும். அப்போது அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

போஸ்டிங் போவதற்கு முன் செய்ய வேண்டியது, பலர் தள்ளிப்போடுவது: ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. மூன்று டோஸ், முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ரத்தத்தோடு புழங்கும் துறை இது. குழந்தையில் போட்டாயிற்று என்று விட்டுவிடாமல், ரத்தத்தில் போதிய எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் டைட்டர் பரிசோதனை தேவையா என்று கல்லூரி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கல்லூரியில் நீங்கள் விசாரிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. போஸ்டிங் எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை டயாலிசிஸ் மெஷின் ஓடுகிறது, மாணவர்கள் கையால் செய்யலாமா, நின்று பார்க்க மட்டுமா? கட்டடமும் ஏ.சி. வகுப்பறையும் எனக்கு இரண்டாம்பட்சம்.

நீட் விஷயம். மகளே பிடிவாதமாகக் கேட்டால் ஒரு வருடம் முழுசாக அதற்கே கொடுங்கள். கல்லூரிக்கும் போய்க்கொண்டு ராத்திரியில் நீட் கோச்சிங் என்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக என்றால் இரண்டுமே வேண்டாம்.

வேலை கிடைக்கும். ஆனால் தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்துக்குப் பிறகு மாவட்ட மருத்துவமனைகளிலும் இந்தச் சேவை பரவியிருக்கிறது. 2021இல் வந்த சட்டம் இத்துறையினருக்கு தேசிய ஆணையத்தையும் பதிவு முறையையும் ஏற்படுத்தியது. அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளைப் பாருங்கள். ஒவ்வொரு பதவிக்கும் எந்தப் படிப்பைக் கேட்கிறார்கள் என்பதை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

அப்புறம், மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 அவர் வங்கிக் கணக்குக்கே வரும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கு வாங்காமல் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ரெக்கார்ட் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் மாதா மாதம் சரியாகப் போய்விடும்.