60 வயசுக்குப் பிறகு சிகரெட்டை விட்டா உடம்புக்கு ஏதும் பிரயோசனம் இருக்கா?

"இனி விட்டு என்னத்தைக் காணப்போறன்" எண்டு அப்பா சொல்லுறார் எண்டு எழுதியிருந்தீங்க. திருகோணமலையில எங்கட வீட்டிலயும் அப்பா இதையேதான் கன வருஷமா சொல்லிக்கொண்டு இருந்தவர், அதால நேராவே சொல்லுறன், 60ல விட்டாலும் பிரயோசனம் இருக்கு. பிரிட்டன்ல டாக்டர்மாரையே 1951ல இருந்து 50 வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வு ஒண்டு இருக்கு, அதில 30 வயசில விட்டவங்களுக்கு 10 வருஷம், 40ல விட்டா 9, 50ல 6, 60ல விட்டவங்களுக்கும் 3 வருஷமளவுக்கு ஆயுள் கூடியிருக்கு. பேரப்பிள்ளை இருக்கிற வீட்டில 3 வருஷம் எண்டுறது சும்மா விஷயம் இல்ல.

ஆயுளை விடுங்கோ, இருக்கிற நாளில மூச்சு முட்டாம நடக்கிறதே பெரிய விஷயம். எங்கட அப்பா கடல் தொழில் செய்தவர், வலை இழுத்த மனுசன், ஆனா கோணேசர் கோயிலுக்கு கோட்டை வாசலால ஏறேக்க இடையில இடையில நிண்டு இளைச்சு இளைச்சுத்தான் வருவார். விட்டு ரெண்டு மூண்டு மாசத்தில அந்த ஏத்தத்தில கதைச்சுக்கொண்டே வந்தார். ரத்தத்தில இருக்கிற கார்பன் மொனொக்சைட் எண்ட புகை நச்சு வாயு ஒரு நாளுக்குள்ளயே இறங்கத் தொடங்கிடும், அது இறங்க ஒட்சிசன் ஒழுங்காப் போகும், பிறகு கிழமைக் கணக்கில ரத்த ஓட்டமும் நுரையீரலும் தேறும். ஒரு வருஷம் போனா சிகரெட்டால கூடின மாரடைப்பு ஆபத்து பாதியளவுக்கு இறங்கிடும், நுரையீரல் கேன்சர் ஆபத்து பாதியாக 10 வருஷமளவு எடுக்கும், அதால உங்கட அப்பா எவ்வளவு வேளைக்கு விடுறாரோ அவ்வளவு நல்லம்.

ஒண்டை முதலே சொல்லி வையுங்கோ, விட்ட புதுசில சிலருக்கு இருமல் கூடும். சளியை மேல தள்ளுற சின்ன மயிர்கள் நுரையீரல் குழாயில இருக்கு, புகையால அதுகள் வேலை செய்யாமக் கிடந்தது, இப்ப திரும்ப வேலை செய்யுது, அதுதான் சளி வருது. இதைத் தெரியாம "விட்டாப் பிறகுதான் வருத்தம் கூடிட்டு" எண்டு திரும்பப் பத்தத் தொடங்கிற ஆக்கள் இருக்கினம். ஆனா சளியோட ரத்தம் வந்தாலோ நெஞ்சு நொந்தாலோ உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அதைத் தள்ளிப் போடாதீங்கோ.

இன்னொண்டு, எங்கட ஊரில கடையில ஒண்டு ஒண்டா வாங்கலாம் தானே, அதால "குறைச்சிட்டன், நாளைக்கு ஒண்டு தான்" எண்டு சொல்லுவினம். இதயத்துக்கு அந்தக் கணக்கு சரிவராது. 2018ல வந்த பெரிய ஆய்வொண்டில நாளைக்கு ஒரேயொரு சிகரெட் பத்துறவங்களுக்கும், 20 பத்துறவங்களுக்கு மேலதிகமா வாற மாரடைப்பு ஆபத்தில கிட்டத்தட்டப் பாதி இருந்திருக்கு. குறைக்கிறதை விடுறதுக்குப் போற வழியா வைச்சிருக்கலாம், அதோட நிண்டிடக் கூடாது. சுருட்டு, பீடி, வெத்திலையோட போடுற புகையிலை எண்டு மாறுறதும் விடுறது இல்ல.

உங்கட அப்பா கிளினிக் போறவர் எண்டா சிகரெட்டை விடப்போறார் எண்டு டாக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. முட்டுக்கு தியோபிலின் குளிசை எடுக்கிறவங்களுக்கு, புகையை நிப்பாட்டினா அந்த மருந்து ரத்தத்தில கூடிடும், அளவை மாத்த வேண்டி வரும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுறவங்களும் அளவைப் பற்றி டாக்டரிட்ட கேக்க வேணும். கோப்பி, தேத்தண்ணியில இருக்கிற கஃபீனும் இப்படித்தான் உடம்பில கூட நேரம் நிக்கும், ராவில நித்திரை வராம அந்தரப்பட்டா அதைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ.

முதல் கிழமைதான் கஷ்டம், கோபம் வரும், சாப்பாட்டில கூட குறை சொல்லுவார். அந்த நேரம் வீட்டில ஆரும் எதிர்த்துக் கதைக்க வேண்டாம். தனியாச் செய்ய ஏலாட்டி 1948க்கு ஒரு கோல் எடுங்கோ, புகைப்பழக்கத்தை விடுறதுக்கு உதவுற இலங்கை இலக்கம் அது. அப்பாவுக்குக் கூச்சமா இருந்தா முதல்ல நீங்களே எடுத்துக் கதையுங்கோ.