கலை வரலாறு எம்.ஏ.: கும்பகோணத்துத் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் மகள் கலை வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், அவளுக்குப் படம் வரையவும் வராதே என்று எழுதியிருக்கிறீர்கள். வரைவதைப் பற்றிய கவலை வேண்டாம். இது தூரிகை பிடிக்கும் படிப்பல்ல. ஒரு சிலையோ ஓவியமோ எந்தக் காலத்தது, யார் செய்வித்தது, எங்கே இருந்தது என்பதைச் சான்றோடு நிறுவக் கற்றுத்தரும் படிப்பு.

இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பது உங்கள் அடுத்த கேள்வி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய ஆவணங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தான் அந்தச் சிலையை அடையாளம் காட்டின. 2014இல் நடராசர் இந்தியா திரும்பினார். ஒரு கலைப்பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று துருவிப் பார்க்கவே இன்று பெரிய அருங்காட்சியகங்கள் ஆள் வைத்திருக்கின்றன. ஏல நிறுவனங்கள், தனியார் கலைக்கூடங்கள், ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றுக்கும் ஆள் தேவை. ஆனால் இடங்கள் குறைவு. தனியாரிடம் தொடக்கச் சம்பளம் போதாமல் கையைக் கடிக்கும். கல்லூரிப் பேராசிரியர் பணிதான் நோக்கம் என்றால் காண்கலை (விஷுவல் ஆர்ட்ஸ்) பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைத்துவிட்டால் முனைவர் பட்ட ஆய்வின்போது மாதம் 37,000 ரூபாய் வரும். வீட்டில் பணம் கேட்க வேண்டியிருக்காது.

எங்கே படிப்பது? என் முதல் பரிந்துரை வடோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம். அங்கே சிற்பம் செதுக்குகிறவர்களோடும் ஓவியம் தீட்டுகிறவர்களோடும் ஒரே வளாகத்தில் இருந்து வரலாறு படிக்கலாம். அந்தப் பழக்கம் புத்தகத்தில் கிடைக்காது. நாடகம், திரைப்படம் என்று விரிவாகப் படிக்க விரும்பினால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அருங்காட்சியக வேலைதான் குறி என்றால் நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம்; அருங்காட்சியகவியலும் பொருள் பாதுகாப்பும் அங்கேயே இருக்கின்றன. எங்கே போனாலும் கட்டுரைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், இப்போதே பழகட்டும். வீட்டை அடகு வைத்து லண்டனுக்கு அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். கடனைக் கட்டும் அளவுக்கு இந்தத் துறையில் தொடக்கத்தில் வருமானம் கிடையாது.

பட்டத்தோடு இன்னொரு கைத்திறமையும் இருந்தால்தான் வேலை தேடி வரும். உங்கள் மகளுக்கு நான் சொல்வது பழைய எழுத்துகளை வாசிப்பது: கிரந்தம், வட்டெழுத்து, சோழர் காலத் தமிழ் எழுத்து. சிலையின் பீடத்தில் பொறித்துள்ள வரியைத் தானே வாசிக்கத் தெரிந்தவருக்கும் மொழிபெயர்ப்பை நம்பியிருப்பவருக்கும் நேர்காணலில் வித்தியாசம் தெரிந்துவிடும். மாநிலத் தொல்லியல் துறை தொல்லியல், கல்வெட்டியல் சார்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, உதவித்தொகையும் உண்டு. எம்.ஏ. முடித்த பின் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை. தாராசுரம் உங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னப் பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள், பெயர்களும் பொறித்திருக்கிறது. அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். யார் பெரியவராக, யார் சிறியவராக இருக்கிறார், கதையின் எந்தக் கணத்தைச் சிற்பி எடுத்தார், எதை விட்டார் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். ‘அற்புதம்’, ‘தத்ரூபம்’ இரண்டுக்கும் தடை. மூன்றாம் பத்தியில் சலித்துப்போனால் எம்.ஏ. வரலாறே போதும். மறுநாளும் தாராசுரம் போகிறேன் என்று கிளம்பினால் தடுக்காதீர்கள்.

கடைசியாக, பி.எட். பற்றிக் கேட்டிருந்தீர்கள். கலை வரலாறு முதுகலையை வைத்து மேல்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியராகலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பணிக்கு இளங்கலை, முதுகலை இரண்டிலும் வரலாறே கேட்பார்கள். மேல்நிலைக்குக் கீழுள்ள வகுப்புகளில் ஆசிரியப் பணி ஒரு பிடிமானமாக வேண்டும் என்றால் இப்போதுள்ள பி.ஏ. வரலாற்றை வைத்து முதலில் பி.எட். முடித்துவிட்டு எம்.ஏ.வுக்குப் போகட்டும். இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். அதற்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள்.