ஸ்பானிய வினையில் ‘நாங்கள்’ மட்டும் ஏன் சறுக்குகிறது?

கேள்வி: அனுமன் சாலையில் இருக்கும் செர்வாந்தெஸ் நிறுவனத்தில் (ஸ்பானிய மொழி, பண்பாட்டு மையம்) டெலே பி1 என்ற இடைநிலை ஸ்பானியத் தேர்வு எழுதப்போகிறேன். ‘தோர்மீர்’ (தூங்கு) வினையை சப்ஜங்டிவில் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்) ‘நாங்கள்’ என்பதற்கு ‘துவெர்மாமோஸ்’ என்று எழுதினேன், தவறு. ‘தோர்மாமோஸ்’ என்றேன், அதுவும் தவறு. எதுதான் சரி?
– வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: ‘துர்மாமோஸ்’. ‘துவெர்மா’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் ‘துவெர்’ மேல் விழுகிறது. இந்த வகை வினைகளில் அழுத்தம் விழும் இடத்தில்தான் ஓ உடைந்து உவெ ஆகும், எ உடைந்து இயெ ஆகும். நான், நீ, அவர், அவர்கள் நான்கிலும் இப்படித்தான். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ (வொஸோத்ரோஸ்) இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குத் தாவிவிடுவதால் பகுதி உடையாது. தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. நம் காது அதைத் தேடிப் பழகவில்லை. அதனால் அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட உரக்கச் சொல்வதே பலன் தரும்.

ஆர், ஏர் என முடியும் வினைகளுக்கு இவ்வளவு போதும்: ‘பென்ஸார்’ (நினை) வினையில் பியென்ஸே, பென்ஸேமோஸ்; ‘போதேர்’ (இயலும்) வினையில் புவேதா, போதாமோஸ். ஈர் வினைகளில்தான் இன்னொரு படி உண்டு. அழுத்தம் போன பிறகும் ஓ சும்மா இருக்காது, உ ஆகும். எ, இ ஆகும். துர்மாமோஸ், ‘ஸென்தீர்’ (உணர்) வினையின் ஸின்தாமோஸ் வந்தது இப்படித்தான். சாதாரண நிகழ்காலத்தில் ‘தோர்மீமோஸ்’ மாறாமல் நிற்பதால், அதே பழக்கத்தில் ‘தோர்மாமோஸ்’ எழுதிவிடுகிறோம்.

சந்தேகம் வந்தால் ‘தூங்கிக்கொண்டு’ என்ற வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: துர்மியெந்தோ. அதில் உ இருந்தால் இதிலும் உ. ஈர் வினைக்கு மட்டுமே இது பொருந்தும்; ‘போதேர்’ வினையின் ‘புதியெந்தோ’வைப் பார்த்து ‘புதாமோஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ‘பெதீர்’ (வேண்டிக் கேள்) போன்றவை சுலபம், ஆறு இடத்திலும் இகரம்தான்: பீதா, பிதாமோஸ்.

‘தூங்கணும்’ என்ற ஒரே சொல் தமிழில் எல்லாருக்கும் பொருந்தும். ஆகவே ஜோடியாகச் சொல்லிப் பழகுங்கள்: ‘கியேரோ கே துவெர்மாஸ்’ (நீ தூங்கணும்னு ஆசைப்படறேன்), ‘கியேரே கே துர்மாமோஸ்’ (நாங்க தூங்கணும்னு அவர் ஆசைப்படறார்).

கேள்வி: ‘எம்பெஸார்’ (தொடங்கு), ‘ஹுகார்’ (விளையாடு) வினைகளில் எழுத்தும் மாறுகிறதே?
– வாசகர், மயூர் விஹார்

பதில்: மெய்யொலி அப்படியே இருக்கும், எழுத்து மட்டும்தான் மாறும். எகரத்துக்கு முன் ஸெட் எழுதும் வழக்கம் இல்லாததால் ‘எம்பியேஸே’யில் ஸெட் எழுத்து, சி ஆகும். ‘ஹுவேகே’யில் ஜி எழுத்துக்குப் பின் யு சேர்க்க வேண்டும், விட்டுவிட்டால் ‘ஹுவேஹே’ என்று படிக்க நேரும். உயிரொலி உடையாத ‘எம்பெஸேமோஸ்’, ‘ஹுகேமோஸ்’ இரண்டிலும் இந்த எழுத்து மாற்றம் கட்டாயம்.