குடும்பத் தகராறு, நாலு வரி

கேள்வி: மச்சானும் மச்சானும் சேர்ந்து நடத்திய கடையில் கணக்குப் பிரச்சினை, வீட்டில் புருஷன் பெண்சாதிப் பிரச்சினை, இரண்டும் சேர்ந்து கடைசியில் கொலை. செய்தியில் 'குடும்பத் தகராறு' என்று நாலு வரிதான் இருந்தது. சொந்தத்துக்குள் கூட்டு வியாபாரம் செய்யலாமா, கூடாதா?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: வியாபாரம் மெதுவாக வரட்டும். முதலில் அந்த நாலு வரி. நானும் அதை எழுதிச் சம்பளம் வாங்கியவன், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன்: 'குடும்பத் தகராறு முற்றியதில் மைத்துனரின் கத்திக்குத்துக்கு இலக்காகி மூன்று பிள்ளைகளின் தந்தையான குடும்பஸ்தர் ஒருவர் பலி. சடலம் பிரேத பரிசோதனைக்காக வைக்கப்பட்டுள்ளது. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.' குத்தியவருக்கும் மனைவி பிள்ளைகள் உண்டு, ஆனாலும் அவர் குடும்பஸ்தர் இல்லை, சந்தேக நபர். நம்ம பத்திரிகைகளில் ஒரு ஆண் குடும்பஸ்தர் ஆவது தாலி கட்டும்போது இல்லை, சாகும்போதுதான். மேலதிக விசாரணையோ நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறது, முடிந்ததாக எந்தப் பத்திரிகையும் எழுதி நான் பார்க்கவில்லை.

'தகராறு முற்றியதில்' என்பதுதான் எனக்கு ஆகவே ஆகாத சொல். பலாக்காய் முற்றுவது மாதிரி யார் கையும் படாமல் தானாக முற்றி, ஒரு நாள் தொப்பென்று விழுந்து, கீழே நின்ற குடும்பஸ்தரின் உயிரை எடுத்துவிட்டதாம். எங்களிடம் முன்பு ஒரு பிழைதிருத்துநர் இருந்தார், தனித்தமிழ்ப் பித்தர். தகராறு தமிழ் இல்லை என்று கண்ட இடமெல்லாம் 'பிணக்கு' என்று மாற்றிவிடுவார். நான் தகராறு என்று எழுத, அவர் பிணக்கு என்று வெட்ட, நான் திரும்பவும் எழுத, இது வருடக்கணக்காக நடந்தது. ஒரு நாள் இரவு ஆசிரியர் மேசையில் நான் இல்லாத நேரம் பார்த்து 'காணிப் பிணக்கில் ஒருவர் பிணம்' என்று தலைப்புப் போட்டு அச்சுக்கே அனுப்பிவிட்டார். செத்தவரின் ஆட்கள் காலையில் வந்து வாசலில் நின்றார்கள். அவர் அன்று லீவு. சமாளித்தது நான்.

ஆனால் ஒன்று, தகராறு தமிழ் இல்லை என்று அந்த மனிதர் சொன்னது சரிதான். அரபியில் 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் செய்வது. அது உருதுவுக்குப் போய்ச் சண்டை என்றாகி, நம்மிடம் தகராறாக வந்து சேர்ந்தது. சொன்னதையே சொல்லி, கேட்டதையே கேட்டு. நம்ம மட்டக்களப்பார் ஒவ்வொரு கதைக்கும் நடுவில் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' போடுகிறோமே, அப்படி. "அவன் கணக்குக் கேட்டான், மறுகா இவன் ஏசினான், மறுகா அவள் தாய் வீட்டுக்குப் போனாள், மறுகா கூட்டி வந்தார்கள்." ஒரு கொலைக்கு முன்னால் எத்தனை மறுகா என்று அந்தத் தெருவைக் கேட்டால் விரல் மடக்கிச் சொல்லும். செய்தியில் ஒன்றுகூட வராது.

நீதிமன்றத்திலோ குத்திய ஆளுக்கு வேண்டியது 'திடீர்'. நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பாரதூரமான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் தன்னை மறந்து செய்தது என்று காட்டினால் கொலை, கைமோசக் கொலையாகக் குறையும். என்ன அருமையான சொல் பாருங்கள், கைமோசம்! கை தான் மோசம், ஆள் நல்லவர். ஊர் முழுக்க ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த சண்டை, கூண்டில் ஏறியதும் திடீரென்று ஆகிவிடுகிறது.

சரி, உங்கள் மச்சான்மாருக்கு வருகிறேன். நம்ம பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறவர். நம்ம பக்கத்து முக்குவர் சமூகத்தின் பழைய சட்டத்தில் ஒரு ஆணின் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, அவன் பெற்ற பிள்ளைகளுக்கே போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான். அதை கிறிஸ்தோபர் பிரிட்டோ அச்சில் கொண்டுவந்தது 1876இல். அதை ஓரங்கட்டிய 15ஆம் இலக்கச் சட்டமும் அதே 1876தான், அது வேறு கதை, விட்டால் நான் பக்கத்தை நிரப்பிவிடுவேன். சட்டம் போனது, சீதன வீடு நின்றது. இந்த வீட்டு மாப்பிள்ளை கடை போடுகிறார் என்று வையுங்கள். முதல் எது? மனைவியின் நகை, வங்கியில் அடகு. கூட்டு யார்? மனைவியின் தம்பி. வீடு அவள் பேரில், கடை மச்சான் பேரில், கடன் மட்டும் இவர் பேரில்.

இனி அக்கா ஒரு நாள் கன்னம் வீங்கி நிற்கிறாள். தம்பி கேட்க வேண்டும், கேட்கத்தான் பிறந்தவன். ஆனால் அவன் வாய் திறந்த உடனே இவர் சொல்வார், "நீ அக்காவுக்காகக் கேட்கவில்லை, போன மாத லாபத்துக்காகக் கேட்கிறாய்." மறுபக்கம் அவன் கல்லாவில் கணக்குக் கேட்டால், அன்று இரவு அடி விழுவது அவளுக்கு. அதனால் அவன் கடையில் வாயை மூடுகிறான், அவள் வீட்டில் மூடுகிறாள், அயலார் 'புருஷன் பெண்சாதி விஷயம்' என்று படலையைச் சாத்துகிறார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவள் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். 'போய்ச் சமாதானமாக இரு மகள்' என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி ஞாபகம் இருப்பதில்லை.

மாதவியிடம் முதலைத் தொலைத்து, திரும்ப வியாபாரம் தொடங்கப் பெண்சாதியின் சிலம்பை விற்கப் போன செட்டி மகனின் கதையைத்தான் நாம் வைகாசி தோறும் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடுகிறோம். பாட்டுக்குப் பேரே வழக்குரை. அம்மனின் கோபம் ஆறக் குளிர்த்தியும் பாடுகிறோம். மச்சான்மாரின் கோபத்துக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, பெரும்பாலும் லீவு நாளில் பள்ளிக்கூடத்தில். ஒருமுறை போய்ப் பார்த்தேன், ஐந்தாம் வகுப்பு வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட இரண்டு முதலாளிமார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் கரும்பலகையில் இருந்த வாய்ப்பாட்டையே படித்துக்கொண்டிருந்தார்கள்.

செய்யலாமா என்றுதானே கேட்டீர்கள். செய்யுங்கள், ஆனால் நகையைத் தொடாமல். என் மாமா மச்சானோடு சேர்ந்து சீமெந்துக் கடை வைத்திருந்தார். ஒரே கொப்பிதான், சீமெந்து நாற்பது பை, கீழேயே 'தங்கச்சிக்கு மருந்து', அதற்குக் கீழே 'நகை வட்டி'. எது கடைச் செலவு, எது வீட்டுச் செலவு என்று கடவுளுக்கும் பிரிக்க முடியாது. யாரும் யாரையும் குத்தவில்லை, பதினொரு வருடம் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மாமா செத்த அன்று மச்சான் வந்தார், அழுதார், பந்தலில் ஓடியாடி எல்லாம் செய்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பிறகு மாமிக்குப் பக்கத்தில் குந்தி, "தங்கச்சி, அந்தக் கொப்பி கிடக்கா?" என்றார். மாமி தெரியாது என்று தலையாட்டினா. கொப்பி அவவின் அலுமாரியில், வீட்டு உறுதிப் பத்திரத்துக்குக் கீழே இருந்தது, நான் பார்த்திருக்கிறேன்.