விதை மூட்டையைச் சமைக்கலாமா?

சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியிருக்கிறீர்கள். நிவாரணமாக வந்த விதைக் கோதுமை இருக்கிறது, சாப்பிட ஒன்றுமில்லை, பாதியை அரைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். விதையில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம். சிவப்போ பச்சையோ சாயம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. 1971-72இல் ஈராக்கில் பாதரச மருந்து தடவிய விதையைக் கழுவிவிட்டு ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். சாயம்தான் போனது, விஷம் போகவில்லை. மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தார்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

விதை கொடுத்தவர்களிடமே அறுவடை வரைக்குமான உணவையும் கேளுங்கள். பசியில் விதையைத் தின்றுவிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். அதற்காகவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தனியாகப் போகாமல் நாலைந்து குடும்பமாகப் போங்கள்.

அப்புறம், மூட்டையை நம்பி முழு நிலத்திலும் விதைத்துவிடாதீர்கள். 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் ஒரு வாரம் வையுங்கள். 80க்கு மேல் முளைத்தால் சரி. 60தான் என்றால் நெருக்கி விதைக்கலாம். அதற்கும் கீழே என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்து முடிக்காத நிலத்தில் ஏர் வைக்காதீர்கள். பக்கத்து வயலில் ஆடு மேய்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. அதுவரை வீட்டை ஒட்டி, ஆபத்தில்லை என்று உறுதியான இடத்தில் கீரை போடுங்கள், ஒரு மாதத்தில் பறிக்கலாம்.