கொடை விழா ஃபுட்டேஜும் எடிட்டிங் சாஃப்ட்வேரும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை (எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழா) என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருடம் ஆகிறது. எடிட்டிங் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்ற கேள்வி. விவரமாக எழுதியவர்களின் கதையைப் படித்தால், சாஃப்ட்வேரால் கஷ்டப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். எந்த ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்களே அதிகம். அதனால் ஃபைலை ஒழுங்காக வைக்கும் விஷயத்துக்கு இடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர், தென்காசி: அண்ணா, என்னிடம் இருப்பது ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையை எடிட் செய்ய வேண்டும். எல்லாரும் டாவின்சி ரிசால்வ்தான் பெஸ்ட் என்கிறார்கள். போட்டால் சிஸ்டம் தொங்குகிறது.

தம்பி, ரிசால்வ் அருமையான சாஃப்ட்வேர், அதில் சந்தேகமே இல்லை. இலவசப் பதிப்பில் 4கே வரை ரெண்டர், அதாவது முடிந்த வீடியோவை, எடுக்கலாம், வாட்டர்மார்க் வராது, கலர் வேலைக்கு அதைத் தட்ட ஆளில்லை. ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை நம்பி வாழும் சாஃப்ட்வேர். 16 ஜிபி ரேமும் சுமாரான ஒரு கார்டும் இல்லாமல் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உன் லேப்டாப்புக்கு கேடென்லைவ் அல்லது ஷாட்கட் போடு. இரண்டும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கேடென்லைவில் ப்ராக்ஸி என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன சைஸில் ஒரு நகல் செய்து வைத்துக்கொண்டு, எடிட் செய்யும்போது அந்த நகலைக் காட்டும். கடைசியில் ரெண்டர் எடுக்கும்போது ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். முதல் வேலையாக செட்டிங்கில் அதை ஆன் செய். அப்புறம் பார், அதே லேப்டாப் எப்படி ஓடுகிறது என்று.

ஸ்டுடியோ வைத்திருப்பவர், கோவில்பட்டி: பத்து வருடமாக எடியஸ் சாஃப்ட்வேரில்தான் வேலை. பசங்க எல்லாரும் ப்ரீமியருக்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா?

சார், நாலு கேமரா முகூர்த்தத்தை ஒரே நாளில் கட் பண்ணிக் கொடுக்கிற வேகம் எடியஸில் உங்கள் விரலுக்கு வந்துவிட்டது. அதை விடாதீர்கள். ப்ரீமியருக்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். சீசன் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்தப் பணம் போய்க்கொண்டே இருக்கும். கலருக்கு மட்டும் ரிசால்வ் கற்றுக்கொள்ளுங்கள், போதும்.

கோயில் விழாக் கமிட்டி உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்: கொடைக்கு எங்கள் இளைஞர்கள் ஒன்பது பேர் வீடியோ எடுத்தார்கள். இரண்டு பேரிடம் சோனி கேமரா, மற்றவர்கள் செல்ஃபோன். குடியழைப்பில் ஆரம்பித்து மஞ்சள் நீராட்டு வரை எல்லாம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், சிலர் பென் டிரைவில் கொடுத்தார்கள். எது எந்த நேரத்தில் எடுத்தது என்றே புரியவில்லை. அடுத்த வருடமாவது ஒழுங்காகச் செய்ய வழி சொல்லுங்கள்.

அண்ணாச்சி, முதலில் இந்த வருடத்தைக் காப்பாற்றுவோம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். பெயரும் தேதியும்கூட மாறிப்போகும். ஒரிஜினல் இன்னும் அந்த ஃபோன்களில்தான் இருக்கும். யாரும் அழிப்பதற்குள் இன்றைக்கே ஒன்பது பேருக்கும் ஃபோன் போடுங்கள். ஃபோனைக் கேபிளில் மாட்டி நேராக எடுப்பது நல்லது. வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பிலேயே டாக்குமென்டாக அனுப்பட்டும். அப்படி அனுப்பினால் நசுங்காது, ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும். ஐஃபோனில் 4கே 30 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு 170 எம்பி அளவு வரும். அதாவது பன்னிரண்டு நிமிடக் கிளிப் ஒன்று போகும். சாமக்கொடையை நிறுத்தாமல் எடுத்தவர் நேரில் வந்துதான் ஆக வேண்டும்.

இனி அடுத்த வருடம். விழா தொடங்கும் முன் ஒன்பது பேரும் ஒரு இடத்தில் கூடுங்கள். ஒருவர் தன் ஃபோனில் விநாடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து நீட்டட்டும். மற்ற எட்டுப் பேரும் அதை ஐந்து விநாடி ஷூட் செய்யட்டும். எட்டுப் பேரும் எடுக்கும்போதே ஒருவர் பலமாக ஒரு கை தட்டட்டும், அந்தச் சத்தத்தை வைத்து எட்டுக் கிளிப்பையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். கடிகாரம் காட்டிய ஃபோன் சரியான நேரத்தில்தான் இருக்கும். மற்ற கேமராக்களின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே, எத்தனை நிமிடம் பின்னே என்பது அந்த ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். கேமரா கடிகாரங்கள் அடிக்கடி தப்பாகவே இருக்கும். பேட்டரி கழற்றி வைத்த பழைய கேமரா என்றால் வருடமே மாறியிருக்கும்.

அடுத்தது, ஃபுட்டேஜுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். அவர் படம் எடுக்கக் கூடாது. கோயில் வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்து கார்டு வாங்கி, காப்பி போட்டு, திருப்பிக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆளுக்கொரு ஃபோல்டர் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். ஏன் தெரியுமா? சோனி கேமரா இரண்டும் முதல் கிளிப்புக்கு ஒரே பெயரைத்தான் வைக்கும்: சி0001. இரண்டு கார்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால், இதே பெயரில் ஃபைல் இருக்கிறதே, மாற்றிவிடவா என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். இரவு இரண்டு மணி, நையாண்டி மேளம் காதைப் பிளக்கிறது, தூக்கக் கலக்கத்தில் சரி என்று அமுக்கிவிடுவோம். முதல் கேமராவில் இருந்த பால்குடம் அத்தோடு போய்விடும்.

கார்டில் இருந்து வீடியோ ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். உள்ளே என்னென்ன ஃபோல்டர் இருக்கிறதோ முழுக் கார்டையும் அப்படியே காப்பி போடுங்கள். காப்பி சரியாக வந்ததா என்று சரிபார்க்க டெராகாப்பி மாதிரி ஒரு டூல் வைத்துக்கொள்ளுங்கள். ரிசால்வ் வைத்திருந்தால் அதன் மீடியா பக்கத்தில் இருக்கும் க்ளோன் டூலும் இதைச் செய்யும். ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்குப் போட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று சொல்லிவிடும். இரண்டு ஹார்டிஸ்கில் காப்பி விழுந்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும், அதுவும் கேமராவிலேயே.

இந்த விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2014-ல் ஒரு கல்யாணத்தின் மொத்த ஃபுட்டேஜும் ஒரே ஹார்டிஸ்கில் வைத்திருந்தேன். கேபிள் இழுத்து மேஜையில் இருந்து பக்கத்து ஸ்டூல் மேல் விழுந்தது. இரண்டுக்கும் நடுவே அரை அடி உயரமும் இருக்காது. எடுத்து மாட்டினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும். கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. தாரை வார்த்தபோது பெண்ணின் அப்பா குரல் தழுதழுக்கப் பேசிய இடம் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய் அதைச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு வீட்டில்: இதை 3-2-1 என்பார்கள். பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய கணக்கு. உங்கள் கமிட்டியில் ஒரு ஹார்டிஸ்க் கோயில் பீரோவில், இன்னொன்று தலைவர் வீட்டில், மூன்றாவது எடிட் செய்பவரிடம் என்று வைத்துவிடுங்கள்.

ஃபோல்டர் பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு தேதி. அப்படி வைத்தால் பத்து வருடக் கொடையும் தானாக வரிசையில் நிற்கும். உள்ளே ஒரிஜினல், ஆடியோ, ப்ராக்ஸி, ப்ராஜெக்ட், முடிந்த வீடியோ என்று தனித்தனியாக, முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். ஒரிஜினல் ஃபோல்டரில் எதையும் பெயர் மாற்றக் கூடாது, நகர்த்தக் கூடாது. மாற்றினால் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைலைக் காணோம் என்று சிவப்புத் திரை காட்டும். எந்தக் கிளிப்பில் என்ன இருக்கிறது என்பதை ஒரு ஷீட்டில் எழுதுங்கள்: கிளிப் எண், யார் எடுத்தது, வில்லுப்பாட்டா, முளைப்பாரியா, மதியக்கொடையா, நன்றாக வந்திருக்கிறதா. ஒரு மணி நேர வேலைதான். எடிட் செய்பவருக்கு அது இரண்டு நாளை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

குடும்பத்தலைவி, மதுரை: ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்க ஆசைதான் அம்மா, எனக்கும். ஆனால் வேலை நடக்கும் ஃபைல்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும் என்பேன். கொடை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் கொ எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மேக்கில் இருந்து விண்டோஸுக்குப் போகும்போது சில சமயம் இது மாறி, கண்ணெதிரே இருக்கிற ஃபைலையே சாஃப்ட்வேர் இல்லை என்று சொல்லிவிடும். தமிழை ஷீட்டிலும் டைட்டிலிலும் தாராளமாக எழுதுங்கள்.

யூடியூப் சேனல் நடத்துபவர், சேலம்: டைட்டிலில் தமிழ் எழுத்து உடைகிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

ப்ரீமியர் என்றால் ப்ரிஃபரன்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்று மாற்றிப் பாருங்கள். சரியாகிவிடும். மற்ற சாஃப்ட்வேரில் உடைந்தால் இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் இலவச சாஃப்ட்வேரில் டைட்டிலை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் போடுங்கள். இங்க்ஸ்கேப் தமிழைப் பிழையில்லாமல் காட்டும்.

ஆசிரியை, நாகர்கோவில்: பள்ளி ஆண்டு விழாவை ஃபோனில் எடுத்தேன். எடிட் செய்யும்போது ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகிறது, இருபது நிமிடம் கழித்து விலகிவிடுகிறது.

டீச்சர், தப்பு உங்களுடையது இல்லை. ஃபோன் ஒரே சீரான வேகத்தில் ஃப்ரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடானால் வேகத்தை மாற்றிக்கொள்ளும். சில எடிட்டர்கள் அதைச் சீரான வேகம் என்றே எண்ணிக்கொண்டு ஓட்டுவதால் குரல் விலகுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச டூலில் ஃபைலைப் போட்டு, ஃப்ரேம் ரேட்டைக் கான்ஸ்டன்ட் என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் புது ஃபைலை எடிட்டரில் போடுங்கள். ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்: ஊர்த் திருவிழா ஃபுட்டேஜை இங்கிருந்தே நான் எடிட் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கேமரா, ஆளுக்கு ஐந்து மணி நேரம், 4கே. எப்படி வாங்குவது?

கணக்குப் போட்டுவிடுவோம். சோனியில் 4கே பெரும்பாலும் விநாடிக்கு 100 மெகாபிட். மணிக்கு 45 ஜிபி. பத்து மணி நேரத்துக்கு 450 ஜிபி. ஊரில் அப்லோட் வேகம் 20 மெகாபிட் கிடைத்தால்கூட இடைவிடாமல் 50 மணி நேரம் ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

அதனால் ஒரிஜினலை அனுப்பச் சொல்லாதீர்கள். ஊரில் இருப்பவர் 720 அளவில், 5 மெகாபிட்டில் ப்ராக்ஸி போடட்டும். மொத்தம் 22 ஜிபி சொச்சம். அதே லைனில் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். கூகுள் டிரைவில் இலவசம் 15 ஜிபிதான், ஆகவே இரண்டு தவணையாக அனுப்பட்டும். மூன்று விஷயம் மட்டும் மாறக் கூடாது: ஃபைல் பெயர், ஃப்ரேம் ரேட், ஆடியோ சேனல் எண்ணிக்கை. நீங்கள் எடிட்டை முடித்து ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் திருப்பி அனுப்புங்கள், அது சில எம்பிதான் இருக்கும். ஊரில் அதைத் திறந்து, ஒரிஜினலோடு இணைத்து, அங்கேயே ரெண்டர் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே வெர்ஷன் வைத்திருக்க வேண்டும். நடுவில் யாரும் அப்டேட் போடக் கூடாது.

ஃப்ரீலான்ஸ் எடிட்டர், கோவை: விண்டோஸ் புதிதாகப் போட்டேன். டி டிரைவில் ஃபுட்டேஜ் பத்திரம். ரிசால்வைத் திறந்தால் ஒரு ப்ராஜெக்ட்கூட இல்லை!

ரிசால்வ் ப்ராஜெக்ட்டைத் தனி ஃபைலாக ஃபுட்டேஜ் பக்கத்தில் வைக்காது. தன் டேட்டாபேஸில் வைக்கும். நாம் மாற்றாவிட்டால் அது சி டிரைவில் இருக்கும். சி டிரைவை ஃபார்மேட் செய்தால் அதுவும் போகும். பழைய டிஸ்கின் பேக்கப் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இனிமேல் தினமும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்து டிஆர்பி ஃபைலாக ஃபுட்டேஜ் ஃபோல்டரிலேயே போட்டுவிடுங்கள். பத்து விநாடி வேலை.

மாணவி, திருச்சி: ப்ரீமியர் கிராக் வெர்ஷன் போட்டால் என்ன அண்ணா? எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்?

வேண்டாம் தங்கச்சி. கிராக்கோடு ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், வந்தால் மாட்டியிருக்கிற ஹார்டிஸ்க் வரைக்கும் பூட்டிவிடும், உன் படிப்பு வேலை மொத்தமும் அதில் இருக்கும். ரிசால்வும் கேடென்லைவும் சும்மா கிடைக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

மீண்டும் தூத்துக்குடி அண்ணாச்சி: ஹார்டிஸ்க்கை ஒவ்வொரு கம்ப்யூட்டரில் மாட்டும்போதும் ஃபைலைக் காணோம் என்கிறது. என்ன செய்ய?

டிரைவ் எழுத்து மாறுகிறது. உங்கள் சிஸ்டத்தில் ஈ, தம்பி சிஸ்டத்தில் எஃப். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் எல்லா கம்ப்யூட்டரிலும் அந்த ஹார்டிஸ்க்குக்கு ஒரே எழுத்தைக் கொடுங்கள். யாரும் பயன்படுத்தாத வி எழுத்தை நான் வைத்திருக்கிறேன். கமிட்டியில் யாராவது மேக் வைத்திருந்தால் ஹார்டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், இரண்டிலும் எழுதலாம். ஆனால் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கவே கூடாது. விழா அன்றைக்கு அந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டிவிடுங்கள்.