ஒன்றே முக்கால் லட்சமும் நாலு கம்பியும்

அன்புள்ள சார்,

நீங்கள் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடியில் கீழ்ச் சுரம் போடுகிற நாலு கம்பி பேஸ் கிட்டார் வாசித்ததாக உங்கள் கட்டுரைகளில் அங்கங்கே ஒரு வரி வந்து போகிறது. அதற்கு மேல் நீங்கள் எழுதியதில்லை. நானும் பேஸ் வாசிப்பவன். கோவையில் ஐடி வேலை. வார இறுதிகளில் ஐந்து பேர் சேர்ந்து கல்யாண ரிசப்ஷன், காபி ஷாப் என்று வாசிக்கிறோம். என்னிடம் இருப்பது 14,000 ரூபாய்க்கு வாங்கிய பேஸ். இப்போது ஒருவர் அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸை 1,75,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கடன் வாங்கினால் கச்சேரி வருமானத்திலேயே இரண்டு வருடத்தில் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் கீபோர்டுக்காரன் சிரிக்கிறான். "நீ வாசிக்கிறது யார் காதுல விழுது?" என்கிறான். நல்ல வாத்தியத்தில் நிஜமாகவே வித்தியாசம் உண்டா, இல்லை எல்லாம் பெயருக்குக் கொடுக்கும் காசா? நீங்கள் ஏன் விட்டீர்கள்?

பெயர் போடவேண்டாம். வீட்டில் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள்.

*

அன்புள்ள கோவை நண்பருக்கு,

முதலில் கடன். கச்சேரிப் பணத்தில் தவணை கட்டலாம் என்ற கணக்கை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். நீங்கள் வாசிப்பது கல்யாண ரிசப்ஷனில். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. வங்கிக்கு எல்லா மாதமும் முகூர்த்த மாதம்தான்.

நாங்கள் திருவிழாக்களை நம்பியிருந்தோம். பங்குனி, சித்திரை, வைகாசியில் தூங்க நேரம் இருக்காது. ஐப்பசி மழையில் பெட்டியைத் திறக்கவே வேலை இருக்காது. 1992ல் ஒரு கச்சேரிக்கு 6,000 ரூபாய் பேசுவார்கள். வேன் வாடகை, டீசல், வழிச் சாப்பாடு போக, பாடகர்களுக்கு முதலில், கீபோர்டுக்கு அடுத்து, அப்புறம் ட்ரம்ஸ், லீட் கிட்டார் என்று படிப்படியாக இறங்கி என்னிடம் வந்து சேரும்போது 200 ரூபாய் இருக்கும். விழாக் கமிட்டிக்காரர் "மீதிய காலைல வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டால் விடியும்வரை கோயில் மண்டபத்தில் கொசுவோடு உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் குழுவில் ஐந்து பேரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால் சந்தோஷம். அது எத்தனை வருடம் ஓடுகிறது என்று பாருங்கள்.

இனி வாத்தியம். என் முதல் பேஸ் கல்கத்தாவில் செய்தது, மூன்றாம் கையாக வந்தது. நெக் என்கிற நீண்ட கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மல்யுத்தம். கம்பியை அவ்வளவு தூரம் அமுக்கினால் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். வாத்தியம் மட்டம், நல்லது வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். மதுரையில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பேஸ் கிட்டாரை அதற்கு முன் தொட்டதில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெக்கைத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வில்லு மாதிரி வளஞ்சிருக்கே தம்பி" என்றார். நெக்குக்குள் ஓடும் இரும்பு ராடைக் கால் சுற்றுத் திருகிவிட்டு, நாளைக்கு வா என்றார். மறுநாள் இன்னொரு கால் சுற்று. கம்பிகள் ஏறி நிற்கும் பிரிட்ஜில் அவற்றை இறக்கினார். துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஃப்ரெட்டுகளை அரம் வைத்துத் தேய்த்தார். 30 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று ராத்திரி நான் வேறு ஆள் மாதிரி வாசித்தேன்.

உங்கள் பேஸை யாராவது இப்படிப் பார்த்திருக்கிறார்களா? கடையில் வாங்கியபடியே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். 

அப்போ வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஜப்பானில் செய்த இபானெஸ் பேஸ் ஒன்றை 1994ல் வாங்கினேன். ராத்திரி ஒன்பது மணிக்குச் சேர்த்த சுருதி ஒரு மணிக்கும் அப்படியே நின்றது. நாலு கம்பியும் ஒரே கனத்தில் பேசின. பழைய பேஸில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சுரம் பொத்தென்று செத்து விழும், அந்த இடம் வரும்போதெல்லாம் மனசு முன்கூட்டியே பதறும். அது போயிற்று. நல்ல வாத்தியத்துக்கு நாம் கொடுக்கும் காசு இந்தப் பதற்றம் போவதற்குத்தான். ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் விலை ஏறுகிற வேகத்தில் இந்த வித்தியாசம் ஏறுவதில்லை.

நீங்கள் ஆசைப்படும் ப்ரிசிஷன் பேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அன்றைய நடனக் குழுக்களில் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களின் கஷ்டம் மட்டும் தெரியும். காரில் ஏறாது, மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் கேட்காது. 1951ல் அவர் கொண்டுவந்த பேஸில் ஃப்ரெட் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. ப்ரிசிஷன் என்ற பெயரில் உள்ள துல்லியம் அதுதான். 1957ல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துப்போகும்படி வைத்தார்கள். அதற்குப் பிறகு அடிப்படையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. 1965ல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்புக் கம்பெனி 130 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையவை என்றால் சேகரிப்பவர்கள் இன்று கொட்டிக் கொடுக்கிறார்கள். கை மாறிய பிறகு தரம் குறைந்தது என்று ஒரு கட்சி, எல்லாம் பிரமை என்று ஒரு கட்சி. எனக்கென்னவோ, விலையை நிர்ணயிப்பவர்களில் பாதிப் பேர் அதைச் சுவரில் மாட்டிவைக்கிறவர்கள் என்று தோன்றுகிறது.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு ஃபெண்டர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. 1961ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸை வாங்கினார். இடது கைக்காரர். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். பீட்டில்ஸில் பேஸ் வாசித்தவர் விலகியபோது வேறு யாரும் முன்வராததால்தான் அந்த இடமே அவர் தலையில் விழுந்தது. அந்த பேஸ் 1972ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருட்டுப்போய் ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து அவரிடம் திரும்பி வந்தது.

கம்பி பற்றி ஒரு வார்த்தை. வார்த்தை என்ன, கம்பிதான் பாதி பேஸ். அப்போது ஒரு செட் சென்னையிலிருந்து வரவேண்டும், விலை இரண்டு கச்சேரிச் சம்பளம். அதனால் வேகவைப்போம். வியர்வையும் தோல் அழுக்கும் சுருளுக்குள் போய் அடைத்துக்கொண்டால் ஓசை மழுங்கிவிடும். கம்பிகளைக் கழற்றி வளையமாகச் சுற்றி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். உடனே துண்டால் துடைத்து அடுப்படியில் உலர்த்தாவிட்டால் துரு ஏறிவிடும். இரண்டு மூன்று கச்சேரிக்குப் புதுக் கம்பி மாதிரி பேசும். ஒருமுறை அம்மாவுக்குத் தெரியாமல் ரசம் வைக்கும் பாத்திரத்தில் போட்டுவிட்டேன். மறுநாள் ரசத்தை வாயில் வைத்த அப்பா தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு முப்பது வருடம் முன்பு டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர், கம்பி அறுந்தாலொழிய மாற்றுவதே இல்லை என்று வைத்திருந்தார். மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் நிலவறை ஸ்டூடியோவில் 1962ம் வருட ப்ரிசிஷன் பேஸை ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். கம்பிகள் தடிமன், உயரமும் அதிகம். என் மதுரைப் பெரியவர் பார்த்திருந்தால் உடனே ராடைத் திருகியிருப்பார். உலகத்தில் பேஸ் வாசிக்கிற பாதிப் பேர் இன்னும் அந்த ஓசையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை வெற்றிப் பாடல்களில் வாசித்தும் 1971 வரை இசைத்தட்டு உறையில் அவர் பெயர் வரவில்லை. 1983ல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்த பேஸ் திருட்டுப்போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

இங்கேயும் அதே கதைதான். இளையராஜா பாட்டு என்றால் எங்களுக்கு விடிய விடிய வேலை. பேஸ் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி டேப் தேய்ந்துவிடும். வாசித்தவர் சசிதரன் என்பது ஒரு மூத்த கிட்டார்காரர் சொல்லித்தான் தெரியும். என்னிடம் இருந்த ஒரு கேசட்டிலும் அந்தப் பெயர் இல்லை.

உங்கள் நண்பர் கேட்டதற்கு வருகிறேன். யார் காதில் விழுகிறது? பேஸின் அடிக் கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. திருவிழாவில் புளியமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அது வெளியே வரவே வராது. அந்தக் காலத்தில் நான் வாசித்தது மேடையைச் சுற்றி இருபதடிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான்.

திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரில், நல்ல கூட்டம், பாட்டுக்கு நடுவில் என் கேபிள் ஜாக்கில் சால்டர் விட்டுப்போனது. மாற்றுக் கேபிள் வேனில். வேன் சாவி டிரைவரிடம். டிரைவர் எங்கேயோ. மூன்று பாட்டுக்கு நான் செத்த பேஸை வைத்துக்கொண்டு வாசிப்பது போல விரலை ஆட்டினேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ட்ரம்ஸ்காரர் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து முறைத்தார். காலால் அடிக்கிற ட்ரம்முக்குப் பிடிமானம் போய்விட்டது அவருக்கு. முடிந்ததும் கமிட்டித் தலைவர் வந்து, "போன வருசத்துக்கு இந்த வருசம் சவுண்டு நல்லாத் தெளிவு" என்று பாராட்டினார். பாடகி மட்டும் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு என்னமோ தொண்டை சரியில்லண்ணே. நடுவுல மூணு பாட்டு சுருதியே நிக்கல" என்றார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதனால் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: இது அவர் காதுக்காக, ட்ரம்ஸ்காரர் காலுக்காக, பாடுகிறவர் தொண்டைக்காக வாசிக்கப்படுவது. கைதட்டலில் இதற்குப் பங்கு கேட்டால் கிடைக்காது. அதற்காக ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தாலும் கிடைக்காது.

நான் ஏன் விட்டேன் என்று கேட்டீர்கள். பெரிய சோகம் ஒன்றும் இல்லை. எங்கள் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸை வாசிக்க ஆரம்பித்தார். வேனில் ஒரு சீட் மிச்சம், 200 ரூபாய் மிச்சம். அவர் நல்ல மனிதர், முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். கச்சேரிகள் மாதத்துக்கு எட்டிலிருந்து மூன்றாகி, பிறகு கூப்பிடுவது நின்றது. 1999ல் இபானெஸை 9,000 ரூபாய்க்கு விற்றேன். இடது கைக்கு இரண்டு வேலை கொடுத்தால் இரண்டும் அரைகுறை என்று இன்னமும் நினைக்கிறேன். அதை நான் சொன்னால் வேறு எப்படிச் சொல்வேன்?

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கையிலிருக்கும் பேஸை ஒரு நல்ல ஆளிடம் கொடுத்து நெக்கைச் சரிசெய்யுங்கள். நல்ல கம்பி போடுங்கள், இரண்டு நல்ல கேபிள் வாங்குங்கள், இரண்டையும் மேடைக்கே எடுத்துப் போங்கள். ஆறு மாதம் வாசியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் சம்பளத்தில் சேர்த்து வாங்குங்கள். ஆசைக்கு வாங்குவதில் தப்பே இல்லை. முதலீடு என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள், நம்பமாட்டார்கள்.

பார்க்கப் போகும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். விற்கிறவரை வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். என்னிடம் வாங்க வந்த பையன் கேட்டான். கம்பி பழசு தம்பி, நல்லா இருக்காது என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டேன். முந்தின நாள்தான் வேகவைத்திருந்தேன்.